மேட்டூர் திறக்கும் நாளும் கணிப்பொறியின் இயல்பு மதிப்பும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)



நம் தஞ்சைத் தரணியில் எந்தப் பெரியவரிடமும், "ஆற்றில் தண்ணீர் என்றைக்கு வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்கள்" என்று யோசிக்காமல் சொல்வார். ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-லோ ஜூலை 28 வரை காத்திருந்தோம். வேறு செய்தி வராதவரை இதுதான் என்று நாம் வைத்துக்கொள்ளும் இத்தகைய மதிப்பையே கணிப்பொறியில் 'டிஃபால்ட்' என்கிறார்கள். தமிழில் இயல்பு மதிப்பு எனலாம்.

இணையத்தில் இயங்கும் நிரல்கள் தம் விவரங்களைத் தரவுத்தளத்தில் அட்டவணைகளாகச் சேமிக்கின்றன. நம் வருகைப் பதிவேட்டைப் போலவே அதிலும் வரிசைகளும் பத்திகளும் உண்டு. ஆனால் நிரல் பேசும் மொழி வேறு, தரவுத்தளம் பேசும் மொழி வேறு. இரண்டுக்கும் நடுவே, மராட்டிய மன்னர் காலத்துத் துபாஷியைப் போல நின்று மொழிபெயர்ப்பதே ஓ.ஆர்.எம். என்பது. பைத்தான் மொழியில் எழுதுபவர்களுக்கு 2005-ல் வெளிவந்த ஜாங்கோவில் இத்தகைய துபாஷி ஒருவர் கூடவே வருகிறார்.

ஒரு பத்தியை யாரும் நிரப்பாவிட்டால் இயல்பு மதிப்பை எழுதுவது யார்? துபாஷியா, தரவுத்தளமா? எனக்கு இது வெகு நாள் விளங்கவில்லை. எங்கள் வீட்டுக் காப்பிதான் விளக்கியது. தாத்தாவுக்குச் சர்க்கரை நோய். அம்மா கேட்காமலே சர்க்கரை இல்லாமல் கொடுப்பார். அம்மா ஊருக்குப் போன நாளில் அத்தை இரண்டு கரண்டி போட்டுவிட்டார்! ஜாங்கோவின் 'டிஃபால்ட்' அம்மாவின் மனத்தில் இருக்கும் விதி. துபாஷி வழியாக வராமல் நேரே தரவுத்தளத்தில் எழுதுபவர்களுக்கு அது தெரியாது. சர்க்கரை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டுவதுபோல் தரவுத்தளத்திடமே சொல்லிவைக்க, 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0-ல் 'டி.பி. டிஃபால்ட்' என்ற வசதியைச் சேர்த்தார்கள். எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி என்ற மற்றொரு துபாஷியிடம் இதன் பெயர் 'சர்வர் டிஃபால்ட்'.

சென்ற கோடை விடுமுறையில் தாத்தாவின் வயல் நோட்டைக் கணிப்பொறியில் ஏற்ற முயன்றேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். புது ஆறு என்று ஊரார் அழைக்கும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்த நாள், விதை விட்ட நாள், முற்றத்து மழைமானியில் அளந்த மழை எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

முதல் தவறு சிறியது. பதிவு செய்த நேரம் தானே விழட்டும் என்று 'இப்போது' என்னும் கட்டளையை அடைப்புக்குறியோடு எழுதிவிட்டேன். காலையில் நிரலை ஓடவிட்டபோது மணி 9-10. மாலை வரை ஏற்றிய 43 பதிவுகளிலும் அதே 9-10! அடைப்புக்குறி இருந்தால் நிரல் தொடங்கும்போது ஒருமுறை மணி பார்த்து அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாகப் பார்க்கும். எங்கள் சிஸ்டர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துத் தந்தார்.

இரண்டாவதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மழை அளவுக்கான பத்தியைப் பிறகுதான் சேர்த்தேன். ஏற்கெனவே உள்ள வரிசைகளில் என்ன எழுதுவது என்று ஜாங்கோ கேட்டது. அவசரத்தில் 0 என்று தட்டினேன். பின்னர் நோட்டைப் பார்த்து அளவுகளை நிரப்பினேன். நோட்டில் வெறுமையாக இருந்த நாட்களில் 0 அப்படியே நின்றது.

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். 2018 நவம்பர் 16-ஆம் நாள் வந்ததும் நிறுத்தினார். "ஏம்மா, கஜா அடிச்ச அன்னிக்கு மழையே இல்லையா?"

எனக்கு முகம் வெளிறிவிட்டது. அன்று மழைமானியே காற்றில் பறந்து போனதால் அவர் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் தென்னைகள் விழுந்த நாளை 'மழை 0' என்று நான் பதிந்திருந்தேன்.

மழை இல்லை என்பது ஒரு செய்தி. அளக்கவில்லை என்பது வேறு செய்தி. பின்னதற்குத் தரவுத்தளத்தில் 'நல்' என்று ஒன்று உண்டு (நம் நல்ல என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை!). நெல் கொள்முதல் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். ஈரப்பதம் 17 விழுக்காடு வரை என்பது பொது விதி. ஒரு நிரலில் அந்தப் பத்திக்கு 17 என்றே இயல்பு மதிப்பு வைத்தால், கருவி வைத்துப் பார்க்காத குவியலும் தேறிவிடும். அங்கே இயல்பு மதிப்பே கூடாது. நிரப்பாமல் மேலே போக விடக்கூடாது. பதிவு நேரம், மாநிலத்தின் பெயர் போன்றவற்றிற்கு வைக்கலாம், தீங்கில்லை.

விடுமுறையின் கடைசி வாரம் முழுவதும் அந்தப் பூஜ்யங்களை நோட்டோடு ஒப்பிட்டேன். தாத்தா தம் கையால் 0 என்று எழுதியிருந்தவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை 'நல்' ஆக்கினேன். நவம்பர் 16-க்கு எதிரே இப்போது ஒன்றும் இல்லை. தாத்தா நோட்டை வாங்கி, அந்த நாளுக்கு நேரே பென்சிலால் "மானி போயிற்று" என்று எழுதிவைத்தார். அதற்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.