தளர்நடைப் பருவத்துக்கு எந்த டைனோசர்? பொம்மை தெரிவுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வயது நிறைந்தது முதல் மூன்று வயது வரை நீளும் தளர்நடைப் பருவத்தில் குழந்தையின் கைக்கு வரும் விலங்குப் பொம்மைகளுள் டைனோசருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பசுவையும் நாயையும் தெருவில் பார்த்துத் தன் பொம்மையோடு ஒப்பிட்டுக்கொள்ளும் குழந்தைக்கு, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஓர் உயிரை நேரில் காட்ட வழியில்லை. அது எப்படி நடந்தது, எதைத் தின்றது, எப்படிக் கத்தியது என்பவை எல்லாம் பெரியவரின் பேச்சிலிருந்தும் குழந்தையின் சொந்தக் கற்பனையிலிருந்துமே உருவாக வேண்டும். ஆகவே இவ்வகைப் பொம்மைகளை ஒப்பிடும்போது, பொம்மை தானாக எவ்வளவு செய்கிறது என்பதைவிட, குழந்தையும் பெரியவரும் செய்வதற்கும் பேசுவதற்கும் அது எவ்வளவு இடம் விடுகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்வது பொருந்தும்.

துணிப் பொம்மை

பஞ்சு அடைத்த துணி டைனோசர், ஒன்று முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைக்கு முதல் தெரிவாக அமையத்தக்கது. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் அவ்வயதில் அதனால் காயம் ஏற்படாது. கட்டியணைக்கவும், வாலைப் பிடித்து இழுத்துச் செல்லவும் அது இசைவானது. கண்கள் பிய்ந்து வரக்கூடிய பொத்தான்களாக இல்லாமல் நூலால் தைக்கப்பட்டிருப்பதும், பொம்மையை முழுவதுமாகத் துவைக்க முடிவதும் வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பெரும்பாலான துணி டைனோசர்கள் ஏறக்குறைய ஒரே உருண்டை வடிவில் இருப்பதால், வேறுபாடுகளைக் கண்டறியும் பயிற்சிக்கு அவை அவ்வளவாக உதவுவதில்லை.

உருவப் பொம்மை

அந்தப் பயிற்சிக்கு உரியது ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ வார்த்த உருவப் பொம்மை. மூன்று கொம்புள்ள டிரைசெராடாப்ஸ், முதுகில் தகடுகள் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெகோசாரஸ், நீண்ட கழுத்துடைய பிராக்கியோசாரஸ் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்தால், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவதற்கான அடையாளங்கள் குழந்தையின் விரலுக்கே தட்டுப்படுகின்றன. ஒன்றரை வயதையொட்டித் தொடங்கி இரண்டு வயதுக்குப் பின் விரிவடையும் பாவனை விளையாட்டுக்கும், அதாவது உயிரற்ற பொருளை உயிருள்ளதாகக் கொண்டு ஊட்டுவதும் உறங்கவைப்பதும் சண்டையிடவைப்பதுமான ஆட்டத்துக்கும், இதுவே சிறந்த கருவி. சப்பாத்தி மாவைத் தட்டையாக்கி அதன்மேல் பொம்மையை நடக்கவிட்டால் பாதச் சுவடுகள் பதிகின்றன. அழுத்திப் பதிப்பதில் கைத்தசைகள் உரம் பெற, “பெரிய கால் எது, சின்னக் கால் எது?” என்னும் கேள்வியில் அளவைச் சொற்கள் பழக்கமாகின்றன.

இருபது முப்பது சிறு உருவங்கள் நிறைந்த பையை வாங்குவதைவிட, கைக்கு அடக்கமான பெரிய உருவங்கள் மூன்று நான்கு வாங்குவது நல்லது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 தளர்நடைக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், பதினாறு பொம்மைகள் இருந்த சூழலைவிட நான்கே பொம்மைகள் இருந்த சூழலில் குழந்தைகள் ஒவ்வொரு பொம்மையோடும் நீண்ட நேரமும் பலவிதமாகவும் விளையாடியது தெரியவந்தது.

புதிர்ப் பலகை

மரப்பலகையில் வெட்டிய பள்ளங்களில் டைனோசர் துண்டுகளைப் பொருத்தும் புதிர், பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இணைந்து இயங்கும் நுண்தசைத் திறனை வளர்க்கிறது. பிடிக்கக் குமிழ் உள்ள மூன்று முதல் ஐந்து துண்டுகளில் தொடங்கி, துண்டுகளைப் படிப்படியாகக் கூட்டலாம். திருப்பிப் பார்த்து, தவறிப்போய், மீண்டும் பொருத்திப் பார்க்கும் விடாமுயற்சி இதன் தனிப்பயன். புதிருக்கு ஒரே விடைதான் என்பதால், கைவந்த பிறகு ஆர்வம் குறைந்துவிடுவது இதன் வரம்பு.

பேட்டரிப் பொம்மையும் அட்டைப் புத்தகமும்

கடையில் குழந்தையின் கண்ணை முதலில் கவர்வது, விசையை அழுத்தினால் உறுமி, ஒளி உமிழ்ந்து நடக்கும் டைனோசர்தான். எனினும் மேற்சொன்ன அளவுகோலில் அது பின்தங்குகிறது. பொம்மையே உறுமிவிடுவதால், பெரியவரும் குழந்தையும் மாறிமாறி உறுமிக் காட்டும் வாய்ப்பு போய்விடுகிறது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் இணையிணையாக, மொத்தம் 26 இணைகளைக் கவனித்த, ஆய்வாளர் ஆனா சோசாவின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. மின்னணுப் பொம்மை இருந்த வேளையில் பெற்றோர் மிகக் குறைவாகவும், புத்தகம் இருந்த வேளையில் மிக அதிகமாகவும் பேசினர் என்பதும், சாதாரணப் பொம்மைகள் இடைநிலையில் நின்றன என்பதும் அதன் முடிவுகள். பேச்சு வளர்ச்சியே நோக்கம் என்றால், அதே விலைக்குத் தடித்த அட்டைப் பக்கங்கள் கொண்ட டைனோசர் படப் புத்தகம் மேலானது.

தள்ளிப்போட வேண்டியவை

நீரில் இட்டால் ஊதிப் பெரிதாகும் டைனோசர் முட்டைகளும் குஞ்சுகளும் விழுங்கப்பட்டால் குடலில் விரிந்து அடைப்பை உண்டாக்கக்கூடியவை. சுத்தியலால் உடைத்து எலும்பெடுக்கும் தோண்டும் பெட்டிகளில் தூசியும் கூர்முனையும் இருப்பதால் அவை பள்ளி செல்லும் வயதினர்க்கே உரியவை. அந்த மகிழ்ச்சியைத் தளர்நடைக் குழந்தைக்குத் தர, தட்டில் பரப்பிய ஈரமணலில் உருவப் பொம்மையைப் புதைத்து, பெரியவர் உடனிருக்கத் தேடவிட்டாலே போதும்.

பாதுகாப்புச் சோதனை

பல நாட்டு விதிகளின்படி, மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மையோ அதன் உதிரும் பகுதியோ 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுமையாக அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால், முத்திரையற்ற சந்தைப் பொருளைத் தவிர்க்கலாம். பேட்டரிப் பொம்மை வாங்கியே ஆக வேண்டுமானால், பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. விழுங்கப்பட்ட பொத்தான் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும்.

எதை, எப்போது

ஒன்றரை வயது வரை ஒரு துணிப் பொம்மையும் ஓர் அட்டைப் புத்தகமும், அதன்பின் மூன்று நான்கு உருவப் பொம்மைகளும், இரண்டு வயதையொட்டி ஒரு புதிர்ப் பலகையும் என்ற வரிசை பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். கடைகள் டைனோசரை ஆண் பிள்ளைகளின் வரிசையில் அடுக்கினாலும், இப்பயன்கள் பெண் குழந்தைக்கும் அதே அளவில் உரியவை. ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால், வயதோடு ஆட்டமும் மாறிக்கொண்டே போகக்கூடிய உருவப் பொம்மையைத் தெரிந்தெடுத்து, நாள்தோறும் சிறிது நேரம் பெரியவர் ஒருவர் அதனோடு தரையில் அமர்வதே நிறைந்த பலன் தரும்.