நுளம்பும் சஞ்சிகையும்

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு நுளம்புக் கடியினால் மனிதரைச் சேர்கின்றது என்று உயிரியற் பாடநூல் கூறும். மேல் வகுப்பு மாணாக்கர் அவ்வாக்கியத்தை ஒரே மூச்சிற் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றனர். நாமும் எமது காலத்தில் அவ்வாறே புரட்டினோம். அவ்வாக்கியத்திலுள்ள ‘நுளம்பு’ என்னுஞ் சொல் 1877ஆம் ஆண்டிற் கிடைத்தது என்பதையும், ‘கடியினால்’ என்னுஞ் சொல் 1900ஆம் ஆண்டு வரை கிடைக்கவில்லை என்பதையும் பாடநூல் சொல்வதில்லை. ஒரு சொல்லுக்கு 23 ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளின் வரலாறு பாடநூல்களில் அன்று, பழைய ஆராய்ச்சிச் சஞ்சிகைகளிலேயே கிடக்கின்றது. ஆதலின் சஞ்சிகை என்பது யாது, அதனை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதை இவ்வொரு வரலாற்றைக் கொண்டே ஆராயப் புகுந்தோம்.

பாடநூல் முடிபைக் கூறும். சஞ்சிகையில் எழுதுவோனோ தான் செய்தது யாது, கண்டது யாது, அதிலிருந்து ஊகித்தது யாது என்னும் மூன்றையுங் கூறக் கடமைப்பட்டவன். கண்டது சரியாகவும் ஊகித்தது பிழையாகவும் இருத்தல் கூடும். அவ்விடத்திலேதான் வாசகனுக்கு வேலை உண்டு.

ஸ்கொத்லாந்தினரான பற்றிக் மான்சன் 1871ஆம் ஆண்டு முதற் சீனத்தின் அமோய்த் துறைமுகத்தில் வைத்தியராயிருந்தவர். யானைக்கால் அவ்வூரில் மிகுதி. ஆனால் நூல்களோ அரிது. 1875இல் விடுமுறையில் இலண்டன் சென்றிருந்தபோதுதான், திமோதி லூயிஸ் என்பார் கல்கத்தாவில் 1872இலேயே மனிதக் குருதியில் நுண்புழுக்களைக் கண்டு எழுதியிருந்தமை அவருக்குத் தெரியவந்தது. அச்செய்தி அமோயை எட்டியிருக்கவில்லை. நூலகத்துக்குத் தொலைவில் இருந்து உழைக்கும் ஆராய்ச்சியாளனின் இடர்ப்பாடு யாதென்பதை இதனால் அறியலாம்.

மீண்டு வந்த மான்சன் 1877இல் ஒரு சோதனை செய்தார். குருதியிற் புழுக்களையுடைய தம் தோட்டக்காரரை, நுளம்புகள் புகக்கூடிய ஒரு சிறு மனையில் உறங்கச் செய்தார். குருதி குடித்து வயிறு புடைத்திருந்த நுளம்புகளைக் காலையிற் பிடித்து, சிறிதளவு நீருள்ள புட்டிகளில் இட்டு, நாடோறும் சிலவற்றை அறுத்து நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்தார். நுண்புழுக்கள் தம் உறையைக் கழற்றி, இரைப்பைச் சுவரைத் துளைத்து, நெஞ்சுத் தசைகளிற் புகுந்து வளர்வதைக் கண்டார். மனிதரின் நோயை விளைக்கும் ஒட்டுண்ணி ஒரு பூச்சியினுள் வளர்ந்து முதிர்வது காணப்பட்டது அதுவே முதன்முறை. (அத்தோட்டக்காரரின் சம்மதம் கேட்கப்பட்டதா என்று அக்காலத்துச் சஞ்சிகை எதுவும் வினாவவில்லை. இக்காலத்துச் சஞ்சிகைகள் அதனையே முதலில் வினாவும். இது நன்மாற்றம் என்றே கொள்கின்றோம்.)

அக்கட்டுரை சீனச் சுங்கப்பகுதியின் மருத்துவ அறிக்கையில் வெளிவந்தது. 1878இல் இலண்டன் இலினேயன் சங்கத்திலும் வாசிக்கப்பட்டு அதன் சஞ்சிகையில் இடம் பெற்றது. நுளம்பைப் புழுவின் செவிலியாகக் கருதுதல் என்பது அதன் தலைப்பின் ஒரு பகுதி. செவிலி என்ற உவமை அழகியதே. ஆயினும் பிள்ளையைச் செவிலி எவ்வாறு திருப்பிக் கொடுக்கிறாள் என்பதில் மான்சன் இடறினார். அவருடைய நுளம்புகள் சில நாட்களில் முட்டையிட்டு, புட்டி நீரில் வீழ்ந்து இறந்தன. எனவே நுளம்பின் ஆயுள் அவ்வளவே என்றும், இறந்த நுளம்பிலிருந்து புழு நீரிற் கலக்கிறது என்றும், அந்நீரைப் பருகுவோர்க்கு நோய் வருகிறது என்றும் எழுதிவிட்டார். தசையினுள் வளரும் புழு அவர் கண்ணாற் கண்டது. நீரிற் கலக்கும் புழுவை அவர் கண்டாரல்லர். அச்சிலே இரண்டும் அருகருகே நின்றமையாற் படித்தோர் பலர் இரண்டையும் ஒரு தரமாகவே கொண்டனர்.

இதன் விலை சிறிதன்று. 1894இல் மான்சன் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் மலேரியாவையும் நுளம்பே கொண்டு செல்லலாம் என்றார். அங்கும் அதே நீர்க்கதை தொடர்ந்தது. அவரையே ஆசானாகக் கொண்ட றொனால்ட் றொஸ், 1895இற் சிக்கந்தராபாத்தில், மலேரியாக் குருதி குடித்த நுளம்புகள் இறந்து கிடந்த நீரை மனிதருக்குப் பருகக் கொடுத்துச் சோதித்தார். ஒருவருக்குச் சிறு காய்ச்சல் கண்டது. அதற்குமேல் உறுதியாக எதுவும் விளங்கவில்லை. ஆயினும் றொஸ் நுளம்புகளை அறுத்துப் பார்ப்பதை விட்டாரல்லர். 1897 ஆகஸ்ட் 20ஆந் திகதி, புள்ளிச் சிறகுடைய ஒரு நுளம்பின் இரைப்பைச் சுவரிற் கருநிறமணிகள் கொண்ட கலங்களைக் கண்டார். அச்செய்தி அவ்வாண்டு டிசெம்பர் 18ஆந் திகதி அதே சஞ்சிகையில் வெளிவந்தது. மறு ஆண்டு கல்கத்தாவிற் பறவை மலேரியாவை ஆராய்ந்து, கிருமி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கடித்தலால் நோய் பரவுவதையும் நிலைநாட்டினார். மலேரியாவைப் பொறுத்தவரை நீர்க்கதை அங்கு முடிந்தது.

யானைக்காற் புழுவுக்கு வாழைப்பழம் வேண்டியிருந்தது. பிறிஸ்பேன் நகரில் 1876இல் முதிர்ந்த புழுவைக் கண்டெடுத்த யோசப் பான்குறொவ்ற்றின் மகன் தோமஸ், நுளம்புகளுக்கு வாழைப்பழம் ஊட்டி அவற்றை வாரக் கணக்காக உயிருடன் காத்தார். புழு முழு வளர்ச்சியடைய இரண்டு வாரங்களுக்கு மேல் வேண்டும் என்பதை அவர் 1899இற் கண்டார். மான்சனின் புட்டியில் நிகழ்ந்த பிழை யாதென்பது அப்பொழுதே வெளியாயிற்று: அவருடைய நுளம்புகள் தம் ஆயுள் முடிந்து இறந்தனவல்ல, பட்டினியால் இறந்தன போலும். அவர் தம் செய்முறையை ஒளியாது எழுதி வைத்திராவிடின் பிழை எங்கே நேர்ந்தது என்று பின்வந்தோர் கண்டிருத்தல் இயலாது. பான்குறொவ்ற் அனுப்பிய நுளம்புகளை இலண்டனில் ஜோர்ஜ் லோ மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது, புழு நுளம்பின் துதிக்கையினுள்ளேயே கிடந்தது. 1900 ஜூனில் அது வெளியாயிற்று. அதே ஆண்டு, திருவிதாங்கூரில் ஆராய்ந்த எஸ். பி. ஜேம்ஸ் என்பாரும் அதனையே எழுதினார். ஒருவர் கண்டதை வேறோர் ஊரில் மற்றொருவர் தாமாகக் காணும்போதுதான் ஐயம் அகலும்.

இத்துறைக்கெனத் தனிச் சஞ்சிகைகள் தோன்றியமையும் இக்காலத்திலேயே. இலண்டனில் 1898இல் அயனமண்டல மருத்துவச் சஞ்சிகை, லிவர்பூலில் 1907இல் ஓர் ஆண்டேடு, கேம்பிறிட்ஜில் 1908இல் ஒட்டுண்ணியியற் சஞ்சிகை என அவை பெருகின. இலங்கையும் இதற்குப் புறம்பாக இருக்கவில்லை. கொழும்பில் அல்டோ கஸ்தெல்லானி 1905இற் பறங்கிப் புண்ணிற் சுருளுருக் கிருமியைக் கண்டபோது, பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளை வெளியிட்ட சஞ்சிகையிலும் அதனை எழுதினார்.

இவற்றைப் படிக்கப் புகும் மாணாக்கர்க்கு எமது யோசனை ஒன்று. கட்டுரையின் முடிவுரையைக் கடைசிக்கு விட்டு, செய்முறைப் பகுதியை முதலிற் படியுங்கள். ‘கண்டோம்’ என்னும் வினை எங்கே நின்று, ‘ஆகலாம்’ என்னும் வினை எங்கே தொடங்குகின்றது என்று அடிக்கோடிடுங்கள். பயன் தராத சோதனைகளை இக்காலத்துச் சஞ்சிகைகள் வெளியிட விரும்புவதில்லை என்பது எமது குறை. றொஸ் கொடுத்த நீரைப் போன்ற சோதனையைப் பிறிதொருவர் மீண்டுஞ் செய்யாதிருக்க அத்தகைய பக்கங்களும் வேண்டும்.

மான்சனின் பெயர் தாங்கிய நுளம்புப் பேரினம் ஒன்றுண்டு. மான்சோனியா என்னும் அதன் குடம்பிகள் நீர்மட்டத்தில் மூச்செடுப்பதில்லை. ஆகாயத்தாமரை முதலிய நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றைப் பெறும். இலங்கையில் புருகியா என்னும் மற்றொரு யானைக்காற் புழுவைப் பரப்பியது இவ்வினமே. அச்செடிகளை அகற்றியதனாலும் மருந்தினாலும் அப்புழு மறைந்ததென்றே பல்லாண்டுகள் எண்ணப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து யானைக்கால் நோயை நீக்கிய நாடாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஏறக்குறைய 40 ஆண்டு இடைவெளிக்குப் பின் புருகியா மீண்டும் இந்நாட்டு மனிதரின் குருதியிற் காணப்பட்டதாக ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்துள்ளன. நாய்களிலும் பூனைகளிலும் தங்கியிருந்து அது மனிதரை அடைகின்றதா என்பதே இப்பொழுது அச்சஞ்சிகைகளில் ஆராயப்படும் வினா.