பள்ளிவாசல் நோட்டீஸுக்கு எந்தக் கீபோர்ட்?

2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போக வேண்டுமென்றால் துறையில் காத்துக் கிடந்து 'பாதை' எனும் படகில் ஏற வேண்டும். மச்சானின் கலியாணக் கார்டையும் அப்படிப் பாதை ஏறிப் போய்த்தான் ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். 250 கார்ட் வந்து சேர்ந்தது. உச்சியில் இருக்க வேண்டிய பிஸ்மில்லாஹ்வில் எழுத்துக்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக நின்றன. மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதென்ன மகன், அரபியா, எறும்பு வரிசையா?" அல்லாஹ்வின் பெயர் கிடக்கும் தாளைக் குப்பையில் போடவும் முடியாது, அப்படியே ஊருக்குக் கொடுக்கவும் முடியாது. மேல்பட்டையை வெட்டி எடுத்தோம். கார்ட் ஒரு விரல் குட்டையாகப் போனது.

அன்றைக்குப் பழி முழுக்கக் கீபோர்டில் விழுந்தது. உண்மையில் கோளாறு பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளில். அரபி எழுத்து சொல்லின் தொடக்கத்தில், நடுவில், கடைசியில், தனியே என்று நாலு உருவம் எடுக்கும் என்பதும், வலமிருந்து இடம் போகும் என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே எந்தக் கீபோர்ட் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அடிக்கும் கோப்பு கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதைத்தான். பள்ளிவாசல் நோட்டீஸ், ஜனாஸா அறிவித்தல், மத்ரஸா வினாத்தாள், நோன்பு நேரசூசி எல்லாவற்றிலும் தமிழும் அரபியும் ஒரே தாளில் வரும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றதும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

தமிழிலிருந்து தொடங்குவோம். எங்கள் பக்கத்துக் கொமியுனிக்கேஷன் கடைகளில் வேகமாக அடிப்பவர்களில் பலருக்குக் கை பாமினியில் ஊறிப்போனது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து தட்டு, திரையில் 'தமிழ்'. எஃப், பி, இசட், அரைப்புள்ளி, இசட், பி, ஏ, எச் என்று எட்டு, 'கிண்ணியா'. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கில எழுத்துத்தான், பொன்ட் அதற்குத் தமிழ் உடுப்புப் போட்டு விட்டிருக்கிறது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் உடுப்பு கழன்று விழும். பெயரைக் கொடுத்துத் தேடினாலும் கிடைக்காது. அச்சகக்காரர் பாமினிதான் வேண்டுமென்று அடம்பிடித்தால் கொடுங்கள், ஆனால் உங்களிடம் இருக்கும் மூலப்பிரதி யுனிகோடில் இருக்கட்டும். பழைய கோப்புகளைச் சுரதாவின் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கலாம். இடையில் கிடக்கும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகிவிடும் என்பதால் அவற்றை முதலில் அகற்றிவிடுங்கள்.

பாமினிக் கையை மாற்ற முடியாத வயதிலிருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசையமைப்பைத் தேர்ந்தால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், விழுவது யுனிகோட். நாற்பது தாண்டியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். அரச அலுவலகக்காரர்களுக்கு ரங்கநாதன் அமைப்பு பழக்கமாயிருக்கும். தட்டச்சுப்பொறி வழி வந்த அமைப்பு அது. இலங்கைத் தர நிர்ணயம் 1326, 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, ஏற்றுக்கொண்டதும் அதைத்தான். கை அதில் இருந்தால் மாற்ற வேண்டியதில்லை, புதிதாகப் படிக்கப் போகிறவர் அங்கே போக வேண்டியதுமில்லை.

புதியவர்களுக்கு முன்னால் இருப்பது இரண்டு: ஒலிபெயர்ப்பு, தமிழ் 99. ஆங்கிலத்தில் 'அம்மா' என்று அடித்தால் தமிழில் வருவது ஒலிபெயர்ப்பு. படிக்கவே வேண்டாம், அன்றைக்கே அடிக்கலாம். தமிழ் 99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'கிண்ணியா' ஏழு தட்டில் முடிந்துவிடும்.

ஒரு தட்டு மிச்சம் பிடிப்பதற்காக யாரும் கீபோர்ட் மாற்றுவதில்லை. நான் மாறியதற்குக் காரணம் 'குர்ஆன்' என்ற சொல். எழுத்துக்கு எழுத்து மாற்றும் ஒலிபெயர்ப்பில் 'ர்' அடித்து 'ஆ' அடித்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'குரான்' ஆகிவிடும். 'ஜும்ஆ' அப்படியே 'ஜுமா'. பிரித்து வைக்க இடைவெளி விட்டு அழிக்க வேண்டும், அல்லது சொற்பட்டியல் காட்டும் கருவி என்றால் அதிலிருந்து பொறுக்க வேண்டும். தமிழ் 99இல் ர, புள்ளி, ஆ என்று வரிசையாகத் தட்டினால் போதும், புள்ளி வைத்த மெய்யோடு உயிர் ஒட்டாது. எங்கள் எழுத்தில் அடிக்கொரு தரம் வரும் ஸ, ஷ, ஜ, ஹ நாலும் ஷிஃப்டோடு மேல்வரிசை இடக்கோடியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. சிரிப்பாக இருக்கும், ஆனால் மௌலவி ஒருவருக்குத் தமிழ் 99ஐ விற்க எனக்கு இந்த இரண்டு நியாயம் போதுமாயிருந்தது. விண்டோஸ் 11இல் தமிழ் 99 கூடவே வருகிறது, மென்பொருள் தேட வேண்டாம்.

இனி அரபி. 'செட்டிங்ஸ்' போய் 'டைம் அன்ட் லாங்குவேஜ்' திறந்து அரபியைச் சேர்த்தால் விண்டோஸ் மூன்று அமைப்பைக் காட்டும்: 101, 102, 102 அஸெர்ட்டி. கடைசியானது பிரெஞ்சுக் கீபோர்ட் பழகியவர்களுக்கு, நமக்கு வேண்டாம். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் சில விசைகளின் இடம் மட்டுமே. சந்தையில் விற்கும் அரபி ஸ்டிக்கர் பெரும்பாலும் 101க்குப் பொருந்துவது என்பதால் 101ஐயே எடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து ஒரு தட்டு.

எஃப், எஸ், எல். ஸ்பேஸ். எச், ஜி, ஜி, ஐ. திரையில் 'பிஸ்மில்லாஹ்' நிற்கும். எழுத்தைச் சேர்ப்பது பொன்டின் வேலை, உங்களுடையதல்ல. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் மூன்று. லாம்அலிஃபுக்குத் தனி விசை பி (B). புள்ளியுள்ள யா டி விசையில், புள்ளியில்லாத அலிஃப் மக்ஸூரா என் விசையில். ஹா ஐ விசையில், தா மர்பூத்தா எம் விசையில். இந்த இரண்டு சோடியை மாற்றி அடித்த நோட்டீஸ்களை வாராவாரம் பார்க்கிறேன். ஃபத்ஹா, ளம்மா, கஸ்ரா என்ற ஹரகத் குறிகள் ஷிஃப்டோடு கியூ, ஈ, ஏ விசைகளில். ஹரகத் போட்ட வரியின் தலை வெட்டுப்பட்டால் வேர்டில் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்றிருக்கும், அதை மாற்றிவிடுங்கள்.

அரபிக்கும் ஒலிபெயர்ப்புக் கருவி உண்டு. நான் சொல்லமாட்டேன். ஸீன், ஸாத் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. எது எது என்று கருவி ஊகிக்கும், ஊகம் பிழைக்கும். வருடத்தில் நாலு வரிதான் அரபி அடிக்கிறீர்கள் என்றால் திரைக் கீபோர்டை எலியால் சொடுக்கி முடியுங்கள். குர்ஆன் வசனத்தை எந்தக் கீபோர்டாலும் அடிக்க வேண்டாம். 2007இல் தொடங்கிய தன்ஸில் திட்டம் சரிபார்த்து வைத்திருக்கும் யுனிகோட் பிரதியிலிருந்து அப்படியே எடுத்து, அமீரி பொன்டில் வையுங்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பில்லை.

திசைக்கு: வேர்டில் பத்தி அரபி என்றால் கன்ட்ரோலும் வலப்பக்க ஷிஃப்டும், தமிழ் என்றால் கன்ட்ரோலும் இடப்பக்க ஷிஃப்டும். தமிழ் வரிக்குள் அரபிச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டால் குறி இடம்மாறித் துள்ளும், ஆகவே அரபியைத் தனி வரியில் நிறுத்துவதே நிம்மதி. அச்சகத்துக்குப் பிடிஎஃப் ஆக மட்டும் அனுப்புங்கள்.

கீழக்கரை இமாமுல் அரூஸின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற, அரபி எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ்க் கிதாபுகளைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்களுக்கு 101 காணாது. தமிழ் ஒலிக்காகப் புள்ளி கூட்டிய எழுத்துக்கள் அதில் இல்லை. அவற்றில் பல யுனிகோடில் இருக்கின்றன. மைக்ரோசொஃப்டின் கீபோர்ட் லேஅவுட் கிரியேட்டரை இறக்கி, காலியான விசைகளில் நீங்களே பொருத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு சனிக்கிழமை பிடித்தது.

திருகோணமலையிலிருந்து போதகர் நண்பர் ஒருவர், வேதாகமப் பாடத்துக்கு எபிரேயமும் கிரேக்கமும் வேண்டுமென்று இதே கேள்வியோடு வந்தார். கிரேக்கத்தில் வெறும் 'கிரீக்' எடுத்தால் பழைய நூலின் மூச்சுக் குறிகள் வராது, 'பொலிடோனிக்' எடுக்க வேண்டும். எபிரேயத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்பதை எடுத்தால் உயிர்க்குறிகள் வலப்பக்க ஆல்ட்டோடு வரும். அதுவும் வலமிருந்து இடம்தான், ஆனால் எழுத்துக்கள் சேராது. சொல்லின் கடைசியில் ஐந்து எழுத்துக்குத் தனி உருவம் உண்டு, அவற்றுக்குத் தனி விசை தேடித் தட்ட வேண்டும். "உங்கட அரபியில இதெல்லாம் தானா மாறுதே" என்று பொறாமைப்பட்டார். நான் அவருக்குக் குட்டைக் கார்டின் கதையைச் சொன்னேன்.