விடியல் ஒளியில் கூட்டுக் குஞ்சுகள்

தை மாதத்துப் பனி விலகாத விடியற்பொழுதில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிற்பவரை முதலில் வந்தடைவது ஒலியே. உருவம் பின்னரே தோன்றும். நீரில் நிற்கும் மரங்களின் உச்சியிலிருந்து குஞ்சுகள் இரை கேட்டு எழுப்பும் ஓசை கரைவரை கேட்கும். ஆறரை மணியளவில் கிழக்கு வெளுத்து, கதிரவன் தலைகாட்டும்போது கிளைகளும், கிளைகளில் கூடுகளும், கூடுகளில் மெலிந்த கழுத்துகளும் ஒவ்வொன்றாகத் துலங்கும். கரையில் முக்காலி ஊன்றிக் காத்திருப்போர் எதிர்நோக்குவது இந்தப் பொழுதைத்தான். அதன் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரமே அந்த ஒளி நிலைக்கும்.

ஒளியின் இயல்பு

கதிரவன் அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது அதன் ஒளி, உச்சிப்பொழுதில் கடப்பதைக் காட்டிலும் பன்மடங்கு நீண்ட தொலைவு காற்றுமண்டலத்தினூடே வருகிறது. வழியில் நீலக் கதிர்கள் பெரிதும் சிதறிவிடுவதால் எஞ்சி வருவது பொன்மஞ்சள் ஒளியாகும். பனிமூட்டம் அவ்வொளியை மெல்லிய துணித்திரை போலப் பல திசைகளிலும் பரப்பி நிழல்களின் கடுமையைத் தணிக்கிறது. நாரைக் குஞ்சின் உடலை மூடியிருப்பது வெண்மையான மென்தூவி. நண்பகல் வெயிலில் அத்தூவியின் இழைகள் கண்ணுக்கே புலப்படா. படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாகவே விழும். விடியலிலோ இழை இழையாகத் தெரியும்.

எனினும் கருவியை அப்படியே நம்பிவிடலாகாது. ஒளிமானி குஞ்சைச் சூழ்ந்த கரும்பச்சை இலைகளை அளந்து, காட்சி இருண்டிருப்பதாகக் கணக்கிட்டு, மிகுதியான ஒளியை உள்ளே விடும். ஆதலின் பட்டறிவு மிக்கோர் கருவி காட்டும் அளவிலிருந்து ஒரு படி குறைத்தே எடுப்பர். மற்றொரு சிக்கலும் உண்டு. இரை கேட்கும் குஞ்சு தலையை ஓயாது ஆட்டும். ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரமே ஷட்டர் திறந்திருந்தால்தான் அவ்வசைவு உறையும். ஒளி குறைந்த வேளையில் அதற்காக ஐஎஸ்ஓ அளவை உயர்த்தினால் படத்தில் புள்ளிகள் படரும். இவ்விரண்டிற்கும் இடையே ஓர் அளவைத் தேர்வது ஒவ்வொரு காலையும் புதிதாகச் செய்ய வேண்டிய பணியாகும்.

பொன்னிறமே விடியலின் சிறப்பு எனக் கருதுவோர் மா. கிருஷ்ணனின் (1912–1996) படங்களைக் காணுதல் நன்று. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான இவ்வியற்கையியலாளர், பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த ஒளிப்படக் கருவியைக் கொண்டு, கருப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமாக்கினார். வண்ணமே இல்லாத அப்படங்களிலும் ஒளியின் திறம் குன்றவில்லை.

குஞ்சு சொல்லும் செய்தி

வளர்ந்த நத்தைகுத்தி நாரையின் அலகிடையே ஓர் இடைவெளி உண்டு. குஞ்சின் அலகிலோ அது காணப்படாது; பறவை வளர வளரவே தோன்றும். கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப்பைக்குள் தலையை நுழைத்து மீன் உண்ணும். இவற்றை நேரில் கண்டவர் பலர். ஆயினும் பிறருக்குக் காட்ட வல்லது படமே.

குஞ்சின் படம் ஒரு சான்றும் ஆகும். வளர்ந்த பறவை எங்கிருந்தோ வந்த விருந்தாளியாக இருக்கலாம்; பறக்க இயலாத குஞ்சு அங்கேயே பிறந்தது. பிட்டர்ன் எனப்படும் நாணல்வாழ் பறவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் இனப்பெருக்கம் செய்வதை அறவே நிறுத்தியிருந்தது. 1911இல் எம்மா டர்னர் என்னும் பெண்மணி நார்ஃபோக் பகுதி நீர்நிலையொன்றில் அதன் குஞ்சைப் படமெடுத்தார். அப்பறவை மீண்டும் அங்குக் கூடுகட்டத் தொடங்கிவிட்டதை நிறுவியது அப்படம்.

எட்ட நிற்றல்

மதிப்பு மிகுந்த இப்படத்திற்காகக் கூட்டை நெருங்குவோரும் உளர். குஞ்சை மறைக்கிறதென்று ஒரு சிறு கிளையை ஒடிப்பதும் உண்டு. அந்த இலைகள் குஞ்சிற்கு நிழல். காகத்தின் பார்வையிலிருந்து காக்கும் திரை. தாய் அஞ்சிப் பறந்துவிட்டால் நிலைமை இன்னும் கேடாகும். தாய் திரும்பும்வரை தூவி முளைக்காத குஞ்சு காலைக் குளிரிலோ பகல் வெயிலிலோ கிடக்கும். 1937இல் ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் எரிக் ஹாஸ்கிங், ஆந்தைக் கூட்டருகே தாம் அமைத்த மறைவிடத்திற்கு இரவில் ஏறியபோது, ஆந்தை தாக்கி இடக்கண்ணை இழந்தார். ஆந்தைக்குக் கூர்நகங்கள் உண்டு. நாரைக்கோ விலகிப் பறத்தலே வழி. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதையும் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. துப்பாக்கியும் கேமராவும் ஒன்றாகும் இடம் அது.

வேடந்தாங்கலில் இவ்விடர் குறைவு. மரங்கள் நீரில் நிற்பதால் கரையிலிருப்பவர் கூட்டை நெருங்க இயலாது. ஊர் மக்களும் தலைமுறை தலைமுறையாகக் காவல் நிற்கின்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிவர். 1798இலேயே அன்றைய ஆட்சியர் அவர்களது காவல் உரிமையை ஏற்றார். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்னும் பெயரும் அதற்கு உண்டு. ஆதலின் இங்கே நீண்ட லென்ஸும் பொறுமையுமே போதும். ஆயினும் உரத்த பேச்சு, பளிச்சிடும் உடை, ஃபிளாஷ் ஒளி ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

எட்டு மணிக்குள் பனி கரைந்துவிடும். ஒளி வெளுத்து, நிழல்கள் கருக்கும். சிறகைத் தாழ விரித்துக் குஞ்சுகளின்மேல் நாரை நிழல் செய்யத் தொடங்கும் வேளையில், கரையில் முக்காலிகள் மடக்கப்படும். முறையாகப் பணியாற்றுவோர் கிளம்புமுன் குறிப்பேட்டைத் திறந்து, தேதி, மரம், கூட்டின் உயரம், குஞ்சுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக்கொள்வர்.