கடற்கரை மாணவரும் ஆங்கில இலக்கியமும்

உவரிக் கரையில் வளர்ந்த மாணவனொருவன் ஆங்கிலம் பயிலப் புகுங்கால், முதற்கண் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் எதிர்ப்படின், பொருள் விளங்காது சோர்வான். அச்சோர்வு அவன் அறிவின் குறையன்று. நூல்களை அடுக்கிய முறையின் குறையே என்பது எம் துணிபு.

இளைஞர்க்கான கதைகள் இலக்கியமாகா என்பர் சிலர். ஸ்டீவன்ஸன் தம் மனைவியின் முதல் மணத்து மகனை மகிழ்விக்கத் தொடங்கிய கதையே ‘புதையல் தீவு’. 1881-ல் சிறுவர் பத்திரிகையொன்றில் வெளிவரத் தொடங்கி, 1883-ல் நூலாயிற்று. இன்று சிறந்த நாவல்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. ஆர். கே. நாராயண் 1935-ல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ மிஷன் பள்ளிச் சிறுவனொருவன் கதையே; அதுவும் கல்லூரிகளிற் பாடமாயிற்று. ஆதலின் இரண்டிற்கும் இடையே இட்ட வேலி நிலையானதன்று.

உவரியிற் பிறந்த ஜோ டி குரூஸ், ‘ஆழி சூழ் உலகு’ (2004) என்னும் நாவலில் பரதவர் வாழ்வை அவர்தம் பேச்சுமொழியிலேயே தீட்டினார். அவரது ‘கொற்கை’ 2013-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தன் கடலைத் தமிழில் வாசித்தவனுக்குப் புதையல் தீவின் கடல் ஆங்கிலத்திலும் அந்நியமாகாது. அதன்பின் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தை எடுப்பானாக. அதன் முதற்காட்சி புயலிற் சிக்கிய கப்பலன்றோ? அவ்விடத்து நகரத்து மாணாக்கர்க்கு உரை சொல்லத்தக்கவன் அவனே.

ஆசிரியப் பெருமக்கள் இம்முறையை ஆராய்வாராக. மாணவ நண்பர்களும் எளிய நூலை வாசிக்க நாணாதிருப்பாராக.