அது எந்தப் பாலம்?

கேள்வி: சக்திக்கு மீறி ஒரு காரியத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பற்றி எழுதும்போது ஆங்கிலப் பத்திரிகைகள் 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' என்கின்றனவே, அது எந்தப் பாலம்? முதலில் சொன்னது யார்?

பதில்: பாலம் நிஜம்தான். நெதர்லாந்தில், ஆர்னெம் நகரத்தில், ரைன் நதியின் கிளையாற்றின் மேல் இருக்கிறது. சொன்னது யார் என்பதில்தான் வழக்கு!

இரண்டாம் உலகப் போர், 1944 செப்டம்பர். ஜெர்மானியர்கள் பிரான்ஸிலிருந்து ஓட்டம் பிடித்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் போரை முடித்துவிடலாம் என்று பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி ஒரு திட்டம் போட்டார். பெயர் 'மார்க்கெட் கார்டன்'. ஏதோ கத்திரிக்காய் வியாபாரம் மாதிரி இருக்கிறதல்லவா? 'மார்க்கெட்' என்றால் வானத்திலிருந்து இறங்குகிறவர்கள். 'கார்டன்' என்றால் தரையில் வரும் டாங்கிகள். பாராசூட்டிலும் கிளைடரிலும் போய் இறங்குகிறவர்கள் பாலங்களை வரிசையாகப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். டாங்கிகள் சுமார் 100 கிலோமீட்டர் ஒரே சாலையில் வந்து அவர்களோடு சேர்ந்துகொள்ளும். கடைசிப் பாலம் ஆர்னெம்.

செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இறங்கினார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் அல்ல, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி! ரேடியோக்கள் மக்கர் செய்தன. போதாததற்கு, இரண்டு ஜெர்மன் எஸ்.எஸ். டாங்கிப் படைகள் அந்த வட்டாரத்தில்தான் இளைப்பாறிக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் பாராசூட் படையின் லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃப்ராஸ்ட் (பிறந்தது நம்ம பூனாவில்) ஆட்களைக் கூப்பிட ஒரு வேட்டைக்கொம்பு வைத்திருந்தார். ஈராக்கில் இருந்தபோது வேட்டை நண்பர்கள் பரிசாகக் கொடுத்தது. அதை ஊதி ஆட்களைத் திரட்டிக்கொண்டு நடந்தார். பாலத்தின் வடக்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 740 பேர். நாலு நாள் தாக்குப்பிடித்தார்கள். டாங்கிகள் வரவே இல்லை. ஆர்னெமில் இறங்கிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஆற்றைக் கடந்து தப்பி வந்தது இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

இனி அந்த வசனம். 'நாம் ஒரு பாலம் அதிகமாகப் போகிறோமோ?' என்கிற பொருளில், திட்டம் பேசும்போதே மான்ட்கோமரியிடம் வான்வழிப் படைத் தளபதி ஜெனரல் பிரவுனிங் சொன்னதாகக் கதை. எழுத்தாளர் கார்னீலியஸ் ரயன் 1974-ல் இந்தச் சண்டையைப் பற்றிய தன் புத்தகத்துக்கு அதையே தலைப்பாக வைத்தார். 1977-ல் ரிச்சர்ட் அட்டன்பரோ (பிற்பாடு 'காந்தி' எடுத்தவரேதான்) அதைப் படமாக்க, அந்தச் சொற்றொடர் உலகம் சுற்ற ஆரம்பித்தது. ஆனால் பிரவுனிங் அப்படிச் சொன்னார் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் பலர் நம்புவதில்லை. எனக்கும் சந்தேகம்தான். பாலம் ரொம்பத் தூரம் என்று நினைத்தவர், தன் தலைமையகத்தைத் தூக்கிப்போக மட்டும் 38 கிளைடர்களை எடுத்துக்கொள்வாரா?

உண்மையில் வாய்விட்டு ஆட்சேபித்தவர் போலந்துப் பாராசூட் படையின் தளபதி சொசபோவ்ஸ்கி. ஜெர்மானியர்கள் சும்மா இருப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டவர். திட்டம் தோற்றபின் பிரவுனிங் அவர்மேலேயே பழியைப் போட்டு எழுத, டிசம்பரில் பதவி போயிற்று. போருக்குப் பிறகு லண்டனில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளியாக வேலை பார்த்து, 1967-ல் காலமானார். நெதர்லாந்து அரசு அவருக்கு வீரப் பதக்கம் அளித்தது 2006-ல்.