சுவரோவியத்தை விட்டு வாசலை எண்ணு

அன்புள்ள தம்பிக்கு,

பெட்ராவைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய அரபு மக்களான நபத்தேயரின் செல்வர்கள் யாரைப் பார்த்து மாளிகை கட்டினார்கள் என்று கேட்டிருந்தாய். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நபத்தேயர் வீடே கட்டுவதில்லை என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ். பின்னால் வந்த புவியியலாளர் ஸ்டிராபோவோ அவர்களுடைய கல்வீடுகள் பெரும்பொருட்செலவில் எழுந்தவை என்கிறார். கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் மாளிகைக்கு வந்தால் எல்லாமே இரவலாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பெட்ராவின் எஸ்-சந்தூர் மேட்டில் சுவிஸ் ஆய்வாளர்கள் தோண்டியெடுத்த மாளிகையும் அப்படியே நினைக்க வைக்கும். அதன் சுவர்களில் இத்தாலியின் பொம்பேயி நகரச் சுவரோவியங்களில் இரண்டாம் பாணி எனப்படுவதை ஒட்டிய ஓவியங்கள் உள்ளன. ஆனால் ஓவியத்துக்கு வெளியூர்க் கலைஞன் ஒருவன் வந்தால் போதும். விருந்தாளி எதுவரை வரலாம் என்பதை வீட்டாரின் வழக்கம்தான் முடிவு செய்யும். அதனால், வெளியார் தாக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை வாசல்களிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்கான வழியை பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும் 1984இல் ஒரு நூலில் விளக்கினார்கள். அறைகளைப் புள்ளிகளாகவும் வாசல்களைக் கோடுகளாகவும் வரைந்து, தெருவிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் எத்தனை வாசல் கடக்க வேண்டும் என்று எண்ணு. எஸ்-சந்தூரில் முற்றத்தைச் சார்ந்த வரவேற்புப் பகுதி அலெக்சாந்தருக்குப் பிந்தைய கிரேக்க (ஹெலனிஸ்டிக்) அரண்மனைகளை நினைவூட்டுகிறது. நெகேவ் பாலைவனத்தில் உள்ள நபத்தேய ஊரான மாம்ப்சிஸின் பெரிய வீடுகளிலோ, முற்றத்தை அடைந்தபின் சதுரத் தூணைச் சுற்றி ஏறும் படிக்கட்டுக் கோபுரம் மேல்தளத்துக்கு இட்டுச் செல்கிறது. இந்தக் கோபுரத்தை நபத்தேயக் கட்டடக்கலைக்கே உரிய அடையாளமாக ஆய்வாளர்கள் காண்கிறார்கள். விருந்தினர் பார்க்கும் இடத்தில் இரவல் மிகுதி, குடும்பத்தார் புழங்கும் இடத்தில் சொந்த வழக்கம் மிகுதி என்பதே என் கணிப்பு.

வெயில் கடுமையான ஊரில் எவரும் முற்றம் வைப்பார்களே என்று நீ மறுக்கலாம். நியாயம்தான், முற்றம் மட்டும் சான்றாகாது. முற்றம், அதைச் சார்ந்த வரவேற்புக் கூடம், அறைகளின் வரிசை ஆகிய யாவும் ஒன்றாகப் பொருந்தி, காலமும் தொடர்பும் இடம் கொடுத்தால்தான் தாக்கம் என்று சொல்லலாம். மேல்தளங்கள் இடிந்துவிட்டனவே என்றால், தரைத்தளத்தைத் தரைத்தளத்தோடு மட்டும் ஒப்பிடு. வாசல்கள் பின்னாளில் மாற்றப்பட்டிருக்குமே என்பதுதான் கடினமான மறுப்பு. மாம்ப்சிஸ் வீடுகளில் பைசாந்தியக் காலத்திலும் மக்கள் வாழ்ந்தார்கள். ஆகவே, அடைத்த வாசலில் கல்வரிசை தொடராமல் முறிந்து நிற்கும் இடத்தைக் கவனித்து, காலகட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபடம் போடு. அந்தப் பொறுமை இருந்தால், இரவல் வாங்கியவர்கள் என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு மக்களை அடக்கிவிட மாட்டாய். எதை ஏற்றார்கள், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று அறை அறையாகச் சொல்ல உன்னால் முடியும்.

அன்புடன்,
உன் அண்ணன்